டார்செட்டில் வெயில்

பார்க்காத ஊரைப் பார்த்ததாகச் சொல்வதைவிட, மூடுபனியில் பார்த்த ஊரைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது. நேரில் போய்வந்த திமிரும் கூடவே வந்துவிடும்.

இங்கிலாந்தில் டார்செட் என்ற கடலோர மாவட்டத்தில் என் தங்கை வசந்தா இருக்கிறாள். அங்கே போனபோது கடற்பாறைகள், அலைக்கு நடுவே வளைவாக நிற்கும் கல்வாசல், குன்றின்மேல் இடிந்த கோட்டை எல்லாவற்றுக்கும் அழைத்துப்போனாள். எங்கும் மழை, பனி. நான் தெளிவாகப் பார்த்தது அவளுடைய குடையைத்தான்.

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் தெருவில் நாங்கள் மட்டுமே தமிழ்க் குடும்பம். துர்கா பூஜைக்குச் சந்தா வாங்க வருவார்கள். யோசனை கேட்க வந்ததில்லை. ஆகவே, டீக்கடையில் நான் அளந்ததை நம்பி, வருஷத்துக்கு ஓர் ஊர் மாதிரி கட்டும் பூஜைப் பந்தலை இந்த முறை டார்செட் மாதிரியே கட்டப்போவதாகக் கமிட்டிச் செயலாளர் தபஸ் வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூர்த்திதா, நீங்கதான் நேர்ல பார்த்தவர். பாறை என்ன கலர்?" (தா என்றால் அண்ணா. அதுவரை நான் வெறும் மிஸ்டர் மூர்த்தி.)

"சாம்பல்."

"போட்டோல வெள்ளையா இருக்கே?"

"பத்திரிகைக்காரன் சொல்றேன், போட்டோவை நம்பாதீங்க."

"கடல்?"

"சாம்பல்."

"புல்?"

யோசித்தேன். "அதுவும் கிட்டத்தட்ட சாம்பல்தான்."

மூங்கிலும் துணியுமாக எழுந்த டார்செட் முழுக்க ஒரே பெயின்ட். பூஜை தொடங்கும் சஷ்டியன்று திறந்தார்கள். உள்ளே வந்தவர்கள் தானாகக் குரலைத் தாழ்த்தினார்கள். ஓர் அம்மாள் என்னிடம் மெதுவாக, "யார் தவறிட்டாங்க?" என்றாள். கூட்டம் அடுத்த தெருப் பந்தலுக்குப் போய்விட்டது.

கமிட்டி முழுவதும் சூழ்ந்து நிற்க, தபஸ் கடைசி நம்பிக்கையாக வசந்தாவை வீடியோவில் அழைத்து, போனைப் பாறைகள் பக்கம் திருப்பினார். அவள் கல்கத்தாவில் பள்ளி படித்தவள். தமிழில் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன்; வங்காள மொழியில் கேட்டாள்.

"தபஸ்தா, இது எந்த ஊர்?"

"டார்செட்" என்றார் தபஸ்.

"எங்க டார்செட்டா? பாறை பால் மாதிரி வெளுப்பா இருக்கும். கடல் மயில்கழுத்துக் கலர். அண்ணா வந்தப்போதான் ஒரே மழை. அவர் கிளம்பின மறுநாளே வெயில் அடிச்சுது!"

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தபஸ் போனை என்னிடம் கொடுத்து, "பரவாயில்லை, மிஸ்டர் மூர்த்தி" என்றார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத பந்தலில், நனைந்து தொங்கிய பாறைகளுக்கு முன்னால் குடையோடு நின்றேன். நான் பார்த்த டார்செட் அச்சு அசலாக அதுதான். சொல்லிக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

இப்போதும் சந்தாவுக்கு மட்டும் வருகிறார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தால், என் மனைவி சமையலறையிலிருந்து கத்துவாள்:

"உங்க டார்செட்ல வெயில் வந்தாச்சு. மாடியில துணியை எடுங்க!"