ஓடிக்கொண்டே படுத்த வண்டி

ஊட்டர்மோர் நகராட்சியின் பொது ஒழுங்குப் பிரிவில் நான் இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். என்னோ என்பது என் பெயர். இந்த இருபத்தாறு ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்தால் எவருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. நன்மையும் நேர்ந்ததில்லை. அந்த நல்ல பெயரைக் கட்டிக் காத்துத்தான் வந்தோம், இந்த ஜனவரி வரைக்கும்.

ஜனவரி எட்டாம் தேதி ஒரு புகார் வந்தது. "பொருள்: பெண்மணி ஒருவர் பொதுச்சாலையில் படுத்தபடி ரொட்டி வாங்கச் செல்வது தொடர்பாக. இணைப்பு: புகைப்படங்கள் பதினொன்று." அனுப்பியவர் தோன்யஸ், ஓய்வு பெற்ற நில அளவையர். எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை: தோட்டம் போடுகிறவர்கள், புகார் போடுகிறவர்கள். பனி விழுந்துவிட்டால் முதல் வகையும் இரண்டாவதோடு சேர்ந்துகொள்ளும்.

புகாரில் கண்ட பெண்மணி கெசீனா ஹார்ம்ஸ், வயது எழுபத்தொன்று. காதுக்குள் ஏதோ கோளாறு. நடந்தால் தலை சுற்றும். இரண்டு சக்கர சைக்கிளில் ஏறினால் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அதனால் படுக்கை வண்டி வாங்கிக்கொண்டார். சாய்வு நாற்காலிக்கு மூன்று சக்கரம் பூட்டியது போல இருக்கும். காலை முன்னால் நீட்டிப் படுத்தவாக்கில் மிதிக்க வேண்டும். பனிக்காக ஆணி பதித்த டயர், மடியில் வெந்நீர்ப் பை, பின்னால் ஒரு கூடை, அதில் ஒரு சின்ன மண்வெட்டி. தினமும் பதினோரு மணிக்கு ரொட்டிக்கடை, பிறகு மருந்துக்கடை, பிறகு வீடு. எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர் தேறாது.

அவருக்கும் மகன் ஹௌக்குக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மகன் தூரத்தில், ஷ்டுட்கார்ட் நகரத்தில், ஓர் அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில் இருக்கிறான். "இந்தக் குளிர்காலத்தை யார் தயவும் இல்லாம ஓட்டிட்டா அங்கேயே இரும்மா. முடியலேன்னா வீட்டை வித்துட்டு என்கூட வந்துடணும்" என்றான். இவரும் சரி என்றுவிட்டார். இது தெருவுக்கே தெரியும். கெசீனாம்மாவுக்குக் கணீரென்ற குரல்; போனில் பேசினால் ஜன்னல் சாத்தியிருந்தாலும் கேட்கும்.

சைக்கிள் பாதை இருக்க, ஏன் சாலையில் போனார் என்று கேட்கலாம். எங்கள் நகராட்சி சைக்கிள் பாதையைப் பெரிதும் மதிக்கிறது. "குளிரிலும் மிதிப்போம்" என்று மேயர் அக்டோபர் வெயிலில் தலைக்கவசம் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பதாகை சைக்கிள் பாதைக்கு மேலேதான் தொங்குகிறது. பனி விழுந்ததும் சாலையில் இருக்கிற பனியையெல்லாம் வழித்து அந்தப் பாதையில்தான் குவிப்போம். வேறு எங்கே குவிப்பது? அங்கேதான் ஆளே வருவதில்லை.

புகாரை நான் கணினியில் பதிந்தேன். "வண்டியின் நிலை" என்ற கட்டத்தில் மூன்றே தேர்வுகள்: ஓடுவது, நிற்பது, படுத்தது. எங்கள் மொழியில் அந்த வண்டிக்குப் பெயரே படுக்கை வண்டி. பழுதாகி நடுவழியில் நின்ற வண்டியையும் படுத்துவிட்டது என்றுதான் சொல்வோம். நான் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குத் தனிக் கட்டம் ஏதும் இல்லை. மூன்றாவதைத் தட்டினேன். அச்சுப்பொறி உடனே ஓர் அறிவிப்பாணையைத் துப்பியது.

மறுநாளே கெசீனாம்மா வந்து நின்றார்.

"என்ன தம்பி இது? என் வண்டி படுத்துருச்சுன்னு போட்டிருக்கு?"

"படுக்கை வண்டிதானேம்மா?"

"நான்தான்யா படுத்திருக்கேன். வண்டி நல்லாத்தான் ஓடுது. இப்பக்கூட அதுலதான் வந்தேன். வேணும்னா ஜன்னல் வழியா எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். "நிக்குதேம்மா."

"வந்து இறங்கினா நிக்காம என்ன பண்ணும்? ஆடுமா?"

சத்தம் கேட்டு எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் பிராக்காஃப் அறையிலிருந்து வந்தார். அலுவலகச் சொற்களின் துல்லியம் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்ற அம்மையார்.

"வண்டி ஓடுதா இல்லையாங்கறது இங்க கேள்வியே இல்லைங்க. பட்டியல்ல என்ன இருக்குங்கறதுதான் கேள்வி" என்றார்.

"அப்ப பட்டியலை மாத்துங்க."

"பட்டியல் தலைநகரத்துல இருந்து வருது. அதை மாத்தறதைவிட உங்க வண்டியை மாத்தறது சுலபம்."

"சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?"

"படுத்துட்ட வண்டிக்கு நூறு தப்படி பின்னால சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் வைக்கணும். சட்டம். காரோட்டறவங்க எல்லாருக்கும் தெரியும்."

"நான் போயிட்டே இருப்பேன். முக்கோணம் எப்படிம்மா கூடவே வரும்?"

"கொஞ்ச தூரம் போனதும் இறங்குங்க. பின்னால நடந்து போய் எடுத்துட்டு வந்து மறுபடி வைங்க."

"நடக்க முடிஞ்சா எனக்கு எதுக்கு இந்த வண்டி?"

டாக்டர் பிராக்காஃப் யோசித்தார். அவர் யோசித்தால் எனக்கு வேலை வரும். மாலைக்குள் ஆணை கைக்கு வந்தது: மேற்படி வண்டி படுத்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், எழுத்தர் என்னோ நூறு தப்படி பின்னால் முக்கோணம் ஏந்திச் செல்வார். இவ்வாணை மார்ச் முப்பத்தொன்று வரை அமலில் இருக்கும்.

பதினோரு மணி என்றால் எங்கள் பக்கத்தில் தேநீர் நேரம். கல்கண்டு போட்டு, மேலே பாலாடை விட்டு, மூன்று கோப்பை. போர் வந்தாலும் அந்த நேரத்தில் இந்த ஊரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பதினோரு மணிக்கு நான் சாலையோரத்து முழங்கால் பனியில் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது? வீட்டுல சோறு போடறதில்லையா?" என்று முன்னாலிருந்து குரல் வரும்.

"மெதுவாப் போங்கம்மா!"

"மெதுவாப் போனா எனக்குக் குளிரும். நீ வேகமா வா!"

முதல் வாரம் நான்கு முறை விழுந்தேன். நான்கும் எங்கள் அலுவலக வாசலிலேயே. ஏழு மணிக்குள் வாசல் பனியை அகற்றாதவர்களுக்கு நாங்கள் நோட்டீசு அனுப்புவோம். எங்களுக்கு நாங்களே அனுப்பிக்கொள்ள விட்டுப்போயிருந்தது.

மூன்றாவது வாரம் மேயர் இதைப் பார்த்துவிட்டார். "முக்கோண நடை" என்று பெயரும் வைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் வசதியான குடும்பங்கள் கம்பளித் தொப்பி சகிதம் காரில் வந்து இறங்கின. ஆளுக்கொரு முக்கோணம் பிடித்து, முன்னால் ஒரு வண்டியும் இல்லாமல், குளத்தைச் சுற்றி நடந்தன. மனசு லேசாகிறது என்றார்கள். சூடான ஒயின் குடித்துவிட்டுக் காரிலேயே திரும்பினார்கள்.

இதோடு போயிருந்தால் தேவலை. ஒரு குடிமகனுக்கு நாங்கள் தினசரி உதவினால் சமூகநலப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதுவரை நாங்கள் யாருக்கும் உதவாததால் அதைப் பயன்படுத்த நேர்ந்ததில்லை. நான்தான் எழுதினேன், என் கையாலேயே எழுதினேன்: "கெசீனா ஹார்ம்ஸ் என்பார் அரசு அலுவலர் துணையின்றி வெளியில் செல்ல இயலாதவர்." சமூகநலப் பிரிவு அவரைப் பராமரிப்பு தேவைப்படுபவர் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு செய்தது. நகல் ஒன்று மகனுக்கும் போனது.

கெசீனாம்மா மறுபடி வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை.

"ஹௌக் போன் பண்ணினான். 'உன் பின்னால தினம் ஒரு ஆபீசர் நடக்கறாராமே, இதுதான் யார் தயவும் இல்லாம இருக்கறதா?'ன்னு கேக்கறான். மதிப்பீட்டாளர் வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டா வீட்டை வித்துடணுமாம். நாப்பத்தி மூணு வருஷமா இருக்கற வீடு தம்பி. உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

 வெட்கமாக இருந்தது. "திருத்தம் கோரி மனு குடுங்கம்மா, ஆறு மாசத்துல பாத்துடலாம்" என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பராமரிப்பு தேவையா என்று நேரில் பார்த்து எழுதும் மதிப்பீட்டாளர், அக்ஸோய் என்ற ஓர் அம்மா. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, பதினொன்றரைக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு பனி கொட்டியது. அந்த அம்மாவின் கார் தெருமுனையிலேயே பனிக்குள் புதைந்துவிட்டது. ரொட்டி வாங்கித் திரும்பிய கெசீனாம்மா அதைப் பார்த்தார். வண்டியில் படுத்தபடியே மண்வெட்டியை நீட்டி முன்சக்கரத்தடியில் தோண்டினார். காருக்குள் இருந்த காலடி விரிப்பை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கச் சொன்னார்.

"ஸ்டீயரிங்கை நேரா வெச்சுக்கிட்டு மெதுவா மிதிங்க. ஐயோ, இவ்வளவு மிதிக்காதீங்க! ஆங், அப்படித்தான். வந்துருச்சா? சரி, நான் கிளம்பறேன். என்னால என்னைப் பாத்துக்க முடியுதான்னு பாக்க பதினொன்றரைக்கு யாரோ ஒரு அம்மா வர்றாங்களாம். லேட்டா போனா அதுக்கும் ஏதாவது எழுதிடுவாங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எல்லாம் காதில் விழுந்தபடி, பனியில் இரண்டு முறை விழுந்து எழுந்து, அதற்கப்புறம்தான் நான் வந்து சேர்ந்தேன். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் முக்கோணம்.

அக்ஸோய் அம்மா காரிலிருந்து இறங்கினார். "நீங்க யாருங்க?"

"படுத்துட்ட வண்டிக்குப் பின்னால வர்றவன்."

"எந்த வண்டி?"

"இப்ப முன்னால போச்சே, அதுதான்."

"அது ஓடிட்டுல்ல இருந்துச்சு?"

"ஆமாங்க. அது எங்களுக்கும் தெரியும்."

அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். குரல் ரொம்பக் கனிவாகிவிட்டது. "இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

"செவ்வாய்" என்றேன். தேநீர் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"இப்ப எங்க போறீங்க?"

"அவங்க எங்க போறாங்களோ அங்க."

"அவங்க வராத நாள்ல?"

"நான் வெளியவே வர மாட்டேன்."

"பயமா இருக்குமா?"

"ஆணை இருக்காதுங்க."

அவர் நிறைய எழுதினார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பத்து நாளில் முடிவு வந்தது. கெசீனா ஹார்ம்ஸ்: எந்தப் பராமரிப்பும் தேவையில்லை. என்னோ: பராமரிப்புத் தரம் இரண்டு. தரம் ஏற ஏற ஆள் அவ்வளவு இயலாதவர் என்று பொருள்; அரசு தரும் உதவித்தொகையும் ஏறும்.

எனக்குக்கூட அவ்வளவு வருத்தமில்லை. டாக்டர் பிராக்காஃப்தான் கொதித்துப்போனார். "எனக்குக் கீழ வேலை பாக்கறவருக்குத் தரம் இரண்டு. எனக்கு ஒண்ணுமே இல்லையா? அலுவலக வரிசை என்ன ஆறது?" என்று மேல்முறையீடு செய்தார். அக்ஸோய் அம்மா நேரிலேயே வந்தார். படுத்த வண்டி எப்படி ஓடும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டாக்டர் பிராக்காஃப் நாற்பது நிமிடம் விளக்கினார். சிரமமே இல்லாமல் தரம் மூன்று கிடைத்தது. மேயருக்கு நான்கு. பூங்கொத்து அனுப்பினோம்.

இது ஊருக்குள் பரவியது. நகராட்சி உயர்ந்தவர்களுக்கு மட்டும் தரம் தருகிறது என்று தோன்யஸ் பத்திரிகைக்கு எழுதினார். மறு வாரமே எங்கள் வாசலில் வரிசை நின்றது. முன்னால் தோன்யஸ், பின்னால் சனிக்கிழமை முக்கோணக்காரர்கள் அத்தனை பேரும். குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறவர்கள், எல்லோரும் காரில் வந்தவர்கள். வரிசை சாலையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. பதினோரு மணிக்கு கெசீனாம்மா வந்தார். குளிர்காலம் முடிய அவருக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி.

"வழி விடுங்கப்பா."

"வரிசையில வாங்கம்மா. நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்றார் தோன்யஸ்.

"நான் இங்க வரல. ரொட்டி வாங்கப் போறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்களுக்கு எத்தனாவது தரம் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்யா!"

 வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: "ஒண்ணும் வேணாங்கறாங்கன்னா ஏற்கெனவே பெருசா ஏதோ வாங்கிட்டாங்கன்னு அர்த்தம்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை.

தரம் இரண்டுக்காரனைப் பனியில் முக்கோணம் தூக்க விடக்கூடாதாம்; அதனால் நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். இந்த அம்மாவை இதோடு விட்டுவிடலாம் என்று பிரிவுத் தலைவரின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், கெசீனாம்மா தனக்கு ஒண்ணுமே வேணாம்னுட்டாங்க. ஃபைலை மூடிடலாமா?"

டாக்டர் பிராக்காஃப் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒண்ணும் வேணாம்னு விண்ணப்பம் குடுத்தாங்களா?"

"இல்லைங்க. வாயால சொன்னாங்க."

"வாயால சொன்னா எப்படி? யார் தயவும் வேணாம்னு இருக்கணும்னா அதுக்கு நாம அனுமதி குடுக்கணுமில்ல?"

அதற்கு எங்களிடம் படிவம் இல்லை. தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரவு பகலாக உட்கார்ந்து நல்லபடியாகவே தயாரித்தேன்: "பிறர் உதவியின்றி வாழ அனுமதி கோரும் விண்ணப்பம்", பக்கங்கள் ஆறு. முதல் பிரதியை கெசீனாம்மாவுக்கே அனுப்பினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது. விண்ணப்பதாரர் தனியாக வந்தால் இப்படிவம் பெற்றுக்கொள்ளப்பட மாட்டாது; துணைக்கு ஒருவரை அவசியம் அழைத்து வர வேண்டும்.