அருள்மொழியின் ஒன்றரைப் பக்கம்

ஆளைப் பார்க்காமலே ஆளை அறிவது எப்படி என்று முனிவர்கள் காட்டில் உட்கார்ந்து, மேலே புற்று வளரும்வரை தவமிருந்தார்கள். பாவம், அவசரப்பட்டுவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்த ஞானம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், தட்சணாமூர்த்தியின் ஜெராக்ஸ் கடையில், வெள்ளைத் தாளில் அச்சாகி அவர்களுக்கும் கிடைத்திருக்கும். அதன் திருநாமம் பயோடேட்டா.

சுனாமிக்கு அடுத்த ஆனி மாதம் அது. கடல் ஒரே ஒரு நாள்தான் ஊருக்குள் வந்தது. அதன்பிறகு வந்த ஜீப்புகள் போகவே இல்லை. அவற்றில் ஒரு ஜீப்பின் தொண்டு நிறுவனம், 'சமூக ஒருங்கிணைப்பாளர்' வேலைக்கு ஆள் வேண்டும் என்று தட்சணாமூர்த்தியின் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மக்களோடு பழகும் திறன், பயோடேட்டா. இவற்றில் மூன்றாவது இருந்தால் முதல் இரண்டும் இருப்பதாகவே பொருள் என்பது அந்த நிறுவனத்தின் மேலான கொள்கை.

உப்பளத்துக் கூலி அருள்மொழி அந்த நோட்டீஸை இரண்டு தரம் படித்தாள். கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு பாத்திகளில் கிடந்ததால் அந்த வருஷம் உப்பே விளையவில்லை. புருஷன் ஐயப்பன் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய், நீயும் வந்துவிடு என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான். அவள் போனால் பத்தாவது படிக்கும் மகளும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டும். இந்த வேலை கிடைத்தால் இருவரும் ஊரிலேயே இருக்கலாம்.

தட்சணாமூர்த்தி அதுவரை அடித்ததெல்லாம் கல்யாண பயோடேட்டா. வேலைக்கும் அதே ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. முன்னப்பின்ன தெரியாத எடத்துக்குத் தாளை அனுப்புறோம். புடிச்சா கூப்புடுவாங்க," என்று தத்துவம் சொன்னார்.

அனுபவம் என்ன என்று கேட்டார். அருள்மொழி சொன்னாள். ஒரு முழம் அகல வரப்பில், தலையில் உப்புக்கூடையோடு எழுபது பெண்கள் வரிசையாகப் போவார்கள். பதினோரு வருஷமாக முன்னால் நடப்பது அவள். அவள் வேகமாகப் போனால் கடைசியில் வருகிறவள் சேற்றில் விழுவாள். நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் அவள் நடைதான். முன்னால் போகிறவள் நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். ஏன் என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். பிறகு சுனாமியன்று பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய முந்நூறு பேர், இரண்டே கக்கூஸ், பன்னிரண்டு நாள், ஒரு சண்டை வராமல் பார்த்துக்கொண்ட கதையையும் சொன்னாள்.

தட்சணாமூர்த்திக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. "இதெல்லாம் எழுதுனா கூலி வேலைன்னு தெரிஞ்சிடும்மா. கௌரவமா நாலு வரி போடறேன், வுடு."

போட்டார். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். அருள்மொழி ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், பொருள்தான் கூடாது. கடையைவிட்டு இறங்கும்போது அந்தத் தாளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தன்னைப் பற்றி இவ்வளவு எழுத இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நேர்முகம் ஒரு லாட்ஜின் ஏசி அறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த மேடம் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"ரோகிணி நட்சத்திரம். மாநிறம். கோலம் போடத் தெரியும். எதிர்பார்ப்பு: குடி, சிகரெட் இல்லாத, சொந்த வீடு உள்ள மணமகன்."

பக்கத்தில் இருந்த இருவரும் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஆயிடுச்சுங்க," என்றாள் அருள்மொழி. "பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்குது."

மேலே கண்ட விவரங்கள் எல்லாம் உண்மை என்று அடியில் உறுதிமொழி இருப்பதையும், அதன்கீழே அவள் கையெழுத்து இருப்பதையும் மேடம் விரல் வைத்துக் காட்டினார்.

"கையெழுத்து மட்டுந்தாங்க என்னுது."

அந்தத் தாளைப் பற்றி அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். ஆகவே அவள் பெயருக்கு எதிரில் 'நேர்மை போதாது' என்று குறித்துக்கொண்டார்கள். வரப்பைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்ல அவள் வாயெடுத்தபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

வேலை ராஜ்கமலுக்குக் கிடைத்தது. சென்னைப் பட்டதாரி. எட்டுப் பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். கல்லூரிக் கலைவிழாவில் இரண்டாயிரம் பேரை 'ஒருங்கிணைத்த' அனுபவம் அதில் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. மெல்லிசைக் குழு வந்ததால் கூட்டம் தானாக வந்தது என்பதை எழுத ஒன்பதாம் பக்கம் இல்லை. நல்ல பையன்தான். வீடு வீடாகப் போய் நாற்பது கேள்வி கேட்டான். ஜீப் சத்தம் கேட்டால் ஜனங்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

ஆவணியில் வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் முன்னிலையில், நூறு பெண்களுக்கு ஒரு பயிலரங்கம். தலைப்பு: 'பயனுள்ள பயோடேட்டா எழுதுவது எப்படி?' பயிற்றுநர்: திரு. தட்சணாமூர்த்தி. பகுதி மக்கள் பெருவாரியாக நம்பிப் போகும் நிபுணர் என்று நிறுவனமே ஆய்வு செய்து கண்டுபிடித்தது.

பெண்களைத் திரட்ட, முதல்நாள் மாலை ராஜ்கமல் உப்பளத்துக்கு வந்தான். எழுபது பேரும் கூலிக்குச் சேறு அள்ளி வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கும் அன்றோடு முடிவு. கடைசியில் வந்தவளைக் கேட்டான். "முன்னாடி போறவங்களைக் கேளுங்க," என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சேற்றில் இறங்கி நடந்து, மூச்சு வாங்க வரிசையின் தலைக்கு வந்து சேர்ந்தான்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். நீங்க சொன்னா எல்லாரும் வருவாங்களாம். ஒரு வார்த்தை கூப்பிட்டு விடுங்கக்கா."

அருள்மொழி நின்றாள். எழுபது பேரும் நின்றார்கள்.

"கூப்புட்டா வருவாங்க தம்பி," என்றாள். "ஆனா அது என் பயோடேட்டால இல்லியே."

கூடையைச் சரிசெய்துகொண்டு அவள் நடந்தாள். வரிசை அவனைக் கடந்து போய் முடிய வெகுநேரம் ஆனது. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில், பையில் மகளின் டி.சி.யோடு, தாயும் மகளும் சென்னைக்குப் போனார்கள்.

பயிலரங்கம் பத்து மணிக்குச் சரியாகத் தொடங்கியது. நூறு நாற்காலி, நூறு பிஸ்கட் பொட்டலம், இரண்டு வெளிநாட்டவர். தட்சணாமூர்த்தி எந்தக் குறையும் வைக்காமல் பாடம் நடத்தினார். நிறுவனம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையும் எந்தக் குறையும் இல்லாதது: 'இந்தக் கடற்கரையில் மக்களை ஒன்றுசேர்க்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இன்னொரு ஒருங்கிணைப்பாளரை உடனே நியமிக்க வேண்டும்.'

கடைக் கதவில் புது நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இம்முறை பயோடேட்டா இரண்டு பிரதி.