கோஷம் அண்ணன் தேடிய நிர்வாகம்

பேக்கிங் கூடத்து மின்விசிறி மறுபடியும் நின்றுபோனதும், கோஷம் அண்ணன் மடித்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். தொழிற்சங்கச் செயலாளர். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல். அவருடைய சொந்தப் பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள்.

நேரே எலெக்ட்ரீஷியனிடம் போனார்.

"தம்பி, ஃபேன் ஓடலையே?"

"நான் லைட் மட்டும்தாண்ணே. ஃபேன் வேற கம்பெனி கான்ட்ராக்ட்."

"அப்ப நீ நம்ம கம்பெனி இல்லையா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? சட்டையைப் பாருங்க."

சட்டைப் பையில் வேறு ஏதோ பெயர் தைத்திருந்தது. அண்ணனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. கூடம் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு சட்டையாக உற்றுப் பார்த்தார். எல்லாம் நீலம்தான், ஆனால் நீலத்திலேயே நாலைந்து நீலம். பெட்டி மடிப்பவர்கள் ஒரு கம்பெனி. லாரியில் ஏற்றுபவர்கள் இன்னொன்று.

"நீ எந்தக் கம்பெனிம்மா?" என்று பெருக்குகிற அக்காவைக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? போன்ல மெசேஜ் வரும், வருவேன்."

அண்ணன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் வேலையை நிறுத்துங்க!"

"யாரை எதிர்த்துண்ணே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஆனாலும் அவர் அசரவில்லை.

"அதைக் கண்டுபிடிங்க! நிர்வாகம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் விடாதீங்க! முகத்தைப் பார்த்துப் பேசாம நகராதீங்க!"

நாலைந்து நீலமும் ஒன்றாகக் கைதட்டியது. கூட்டம் ஆளுக்கொரு பக்கம் தேடிக் கிளம்ப, அண்ணன் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். மேனேஜர் பையில் சாமான்களை அடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நிர்வாகத்தோட பேசணும்."

"நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன். என்னை அனுப்பினது ஒரு ஏஜென்சி. இன்னியோட முடியுது. சாவியைக் கம்பெனி ஆள் யார்கிட்டயாவது குடுக்கணும். நீங்க பெர்மனென்ட்தானே?"

"பின்னே?" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்பாடா!"

சாவிக்கொத்து அவர் கையில் விழுந்தது. மேனேஜர் பின்வாசல் வழியாக மறைந்தார்.

மேசைமேல் போன் அடித்தது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். யாரோ லீவு கேட்டார்கள்.

"இன்னிக்கா? ஒரு ஆள்கூடக் குறையக் கூடாது!"

போராட்டத்துக்குத்தான் சொன்னார். "ஈவு இரக்கமே இல்லையாய்யா?" என்று எதிர்முனை வைத்துவிட்டது.

யாரென்று விசாரிப்பதற்குள் வெளியே கோஷம் கிளம்பியது. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. அண்ணன் பூரித்துப்போனார். ஆளைப் பிடித்துவிட்டார்கள்! யாராக இருக்கும்? சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள் வாட்ச்மேன் கதவைத் திறந்து, இதுவரை வைக்காத சல்யூட் ஒன்றை வைத்தான்.

"ஐயா, தொழிலாளிங்க திரண்டு வந்திருக்காங்க. கம்பெனி ஆளுன்னு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தானாம். உள்ளே விடட்டுங்களா, இல்ல நிர்வாகம் ஊர்ல இல்லைன்னு சொல்லிடட்டுங்களா?"