செத்த ஃபர்னஸும் என் வீரமும்

"இந்த வருஷமும் நான்தான் ஜெயிப்பேன்!" என்று செப்டம்பரிலேயே ஊருக்கு அறிவித்துவிட்டேன்.

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் டுலூத் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு வேறென்ன வீரம் இருக்கிறது? குளிர் ஆரம்பித்ததும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை யார் போடாமல் தாக்குப்பிடிக்கிறார் என்பதுதான் போட்டி. அக்டோபர் கடைசியில் சர்ச் விருந்து. அதற்குள் முதலில் போட்டவன், லூட்டஃபிஸ்க் மீன் வெந்த அண்டாக்களைக் கழுவ வேண்டும். அந்த வாடை கிறிஸ்துமஸ் வரை கையை விட்டுப் போகாது.

இந்த முறை கடவுளே என் பக்கம். நிலவறையில் இருந்த எங்கள் கிழட்டு ஃபர்னஸ் செத்துப்போனது. செத்ததை யார் போட முடியும்? புதிது வாங்குவதை விருந்துவரை இழுத்தடித்தால் போதும்.

"என்னங்க, பேசினா வாயில புகை வருது. எப்ப வாங்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி மார்லிஸ்.

"அவசரப்பட்டா ஆகுமா? கேஸை மிச்சம் பிடிக்கிறதாப் பாக்கணும். ஒண்ணு எண்பது சதவீதம் சூடு குடுக்குது, இன்னொண்ணு தொண்ணூத்தாறு. ஆராய்ச்சி பண்றேன்."

"ஆராய்ச்சி முடியறதுக்குள்ள நான் ஐஸ்கட்டி ஆயிடுவேன்."

"ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"மூணு போட்டிருக்கேன். மேல இருக்கறது உங்களோடது!"

சுவரிலிருந்த சூட்டுப் பொத்தானுக்கு டேப் ஒட்டி சீல் வைத்துவிட்டு, மச்சானோடு வாத்து வேட்டைக்குப் போனேன். திரும்பி வந்தால் மார்லிஸ் முகமெல்லாம் சிரிப்பு.

"நிதானமா ஆராய்ச்சி பண்ணுங்க. ஒண்ணும் அவசரமில்ல. ஆனா நிலவறைப் பக்கம் போயிடாதீங்க, எலிப்பொறி வெச்சிருக்கேன்."

பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைவிட அதிசயம், அன்றிலிருந்து எனக்குக் குளிரே தெரியவில்லை. முதலில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். பிறகு சட்டையை. நார்வேயிலிருந்து வந்த என் முப்பாட்டன் ரத்தம் விழித்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். டேப் ஒட்டியபடியே இருந்தது.

விருந்தன்று நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டேன்.

"குளிரெல்லாம் மனசுலதான்யா இருக்கு! செத்த ஃபர்னஸை வெச்சுக்கிட்டு நான் வீட்டுல வெறும் பனியனோட உட்கார்ந்திருக்கேன்! எல்லாம் என் நார்வே முப்பாட்டன் ரத்தம்!"

கூடமே கொல்லென்று சிரித்தது. பக்கத்து வீட்டு டுவேன் எழுந்தான்.

"ஓய் வெண்டெல், உம்ம வீட்டு வெளிச்சுவத்துல, எங்க பக்கமா, புதுசா ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கிட்டு ஆவி விடுதே. அது யாரு, உம்ம முப்பாட்டனா?"

மார்லிஸைப் பார்த்தேன். அவள் நிதானமாகக் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தாறு சதவீதம்தாங்க. நீங்க வாத்து சுடப் போனப்ப ஆளுங்க வந்து புது ஃபர்னஸை மாட்டிட்டுப் போனாங்க. சத்தமே வராததாப் பாத்து எடுத்தேன்."

"டேப் ஒட்டினபடியே இருந்துதேடி!"

"அதை நான் ஏங்க தொடறேன்? புதுசோட பொத்தான் பாத்திர அலமாரிக்குள்ள இருக்கு."

ஊரில் வேறு யாரும் இன்னும் ஃபர்னஸ் போடவில்லையாம்; டுவேன் எனக்கு ஏப்ரன் கட்டிவிட்டான். அண்டாக்கள் மலைபோல் காத்திருந்தன. குழாய்த் தண்ணீரில் கை வைத்தேன். எலும்பு வரை சுரீரென்றது.

"மார்லிஸ், கொஞ்சம் வெந்நீராவது..."

"எதுக்குங்க? உங்களுக்குத்தான் குளிரே தெரியாதே!"