கோழிக் கிராணியின் வெள்ளைக் குஞ்சுகள்

மலாயாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில், மனிதர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஆயுளை ஓட்டிவிடக்கூடியவர் எங்கள் கோழிக் கிராணி ஒருவர்தான். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கோழி வளர்ப்பில் பைத்தியம், அதனால் அந்தப் பெயர். அவர் பார்வை காலுக்குத்தான் போகும். நான் கல்யாணமாகி வந்திறங்கிய அன்றே, "வாத்தியார் சம்சாரமா? நல்ல கணுக்கால்" என்றார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்துவிட்டு வந்து, வீட்டில் கோழிகளுக்கும் பெரட்டு எடுப்பார். "கறுப்பி! பச்சைக்கால்! எங்க அந்தப் புள்ளிக்காரன்?" பிந்தி வந்த கோழிக்கு அன்று அரைத் தவிடுதான். கோடு போட்ட பெட்டையைக் கறுப்புச் சேவலோடு விட்டு, "பொண்ணெல்லாம் அப்பன் நெறம், பையனெல்லாம் ஆத்தா நெறம்" என்பார். அது பலிக்காது என்று பந்தயம் கட்டிய மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி, ஒரு கட்டுச் சுருட்டை இழந்தார்.

எனக்கு அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மகள் பிறக்கும்வரை. நானும் என் கணவரும் அட்டக் கறுப்பு. குழந்தையோ வெள்ளை வெளேரென்று இருந்தாள். பெயர் வைத்த அன்றே தொழிலாளர் லயத்தில் ஒருத்தி, "வாத்தியாரம்மா தொரை பங்களாவுக்குப் போச்சுல்ல" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். போனேன்தான், துரைசானிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க, நான்கு நாள். ஏன் போனேன்? போகாமலிருந்தால் திமிர் என்றிருப்பார்களே!

ஒரு மாதம் கழித்து, கிள்ளானிலிருந்து மாமியார் வந்தார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், குழந்தையோடு நான் பிறந்த வீடு போகவேண்டியதுதான். தொட்டிலை நெடுநேரம் பார்த்தார்.

"யாரு சாயல் இது?"

அப்போது கூடையோடு படியேறினார் கோழிக் கிராணி.

"ஆத்தா, இன்னிக்குப் பொரிச்சது. அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு. பாருங்க, ஆறு கறுப்பு, ரெண்டு வெள்ளை!"

"யோவ், எம் பேத்தியக் கோழியோட சேக்குறியா?"

"கோழிக்குப் பொய் தெரியாது ஆத்தா. வெள்ளை உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தா ஒருநா வெளிய வரும். எறகு ஏமாத்தும், காலைப் பாருங்க, அப்பனோட கருங்காலு."

அத்தை குழந்தையின் துணியை விலக்கினார். கால் சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது, அவர் மகனுக்கு இருப்பதைப் போலவே.

"என்னைப் பெத்தவ செவப்புத்தான்" என்றார் மெதுவாக.

"ஒங்க பக்கம் யாரு செவப்பு, தங்கச்சி?" என்றார் கிராணி.

"பெரியப்பா" என்றேன் அவசரமாக. காய்ச்சல் கண்டால் வெளுப்பார். அது கணக்கில் வருமா என்று இன்னும் கவலைதான்.

அத்தை குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டார். கிராணி கூடையோடு இறங்கிப் போனார், யார் முகத்தையும் பாராமல்.

அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். பெட்டை முட்டையிட்டுச் சேர பத்து நாள். அடைகாக்க இருபத்தொரு நாள். லயம் என்னைப் பார்த்துச் சிரித்த அன்றே அந்த மனிதர் சேவலையும் பெட்டையையும் ஒரே கூண்டில் விட்டிருக்கிறார்.