மெலிந்த கோப்பு

மனிதனின் நாணயத்தை அளக்க ஒரு கருவி இல்லையே என்று உலகம் நெடுங்காலமாக ஏங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது. பாலில் கலந்த தண்ணீருக்கும் இருக்கிறது. யோக்கியதைக்கு மட்டும் இல்லை. அந்தக் குறையை வங்கிகள் தீர்த்துவைத்துவிட்டன. இன்றைக்கு ஒருவர் எவ்வளவு யோக்கியர் என்பது முந்நூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவே ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. தசமப் புள்ளிதான் இன்னும் வரவில்லை. அதுவும் ஆராய்ச்சியில் இருப்பதாகக் கேள்வி.

இந்த மகத்தான ஏற்பாட்டினால் பயனடைந்தவர்களில் பல்செட்டுக்காரரும் ஒருவர்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலோரமாக மேஜை போட்டு, இருபத்திரண்டு வருஷமாகப் பல் செய்கிறவர். கீழே மருத்துவர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் மெழுகில் செதுக்கி, பீங்கான் மாவு பூசி, சின்ன மின்சூளையில் சுட்டு, பளபளவென்று திருப்பி அனுப்புவார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலை. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஆளைத் தெரியாமல் விழிப்பார், அவர்கள் சிரித்ததும், "அடடே, மேல் வரிசை இடது நாலு! நல்லா இருக்கீங்களா?" என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, உள்ளே ஒன்பது கடைவாய்ப் பற்கள் வெந்துகொண்டிருக்கும்போது சூளை 'டப்' என்றது. பழுது பார்ப்பவர் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு."

"ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

புதுச் சூளை மூன்று லட்சம். கையில் இருந்தது ஒரு லட்சத்துச் சொச்சம். பல் வராவிட்டால் கீழே இருக்கும் மருத்துவர் ஒரு வாரம் பொறுப்பார். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் நோயாளி பொறுக்கமாட்டார். பல்செட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார்.

கடன் அதிகாரி முப்பது வயதுப் பெண். இதமாகப் பேசுகிறவர். கணினியில் எதையோ தட்டினார். புருவம் மேலே போனது. மறுபடி தட்டினார். புருவம் இறங்கவில்லை.

"சார், நீங்க இதுக்கு முன்னாடி எங்கேயுமே கடன் வாங்கினதில்லையா?"

"இல்லைங்க" என்றார் பல்செட்டுக்காரர், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"தவணையில ஏதாவது? ஒரு செல்போன்? ஒரு ஃபேன்?"

"எல்லாமே காசு குடுத்துத்தான்."

அதிகாரி அனுதாபத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா சார்?"

"இல்லைங்க, கையில இருந்ததுக்குள்ள வாங்கினேன்."

"அதான் சார் சிக்கல். உங்களுக்கு மதிப்பெண்ணே இல்ல. உங்களை நாங்க எப்படி நம்புறது?"

"நான் யாரையும் ஏமாத்தினதில்லைங்களே."

"ஏமாத்தியிருந்தாக்கூட ஒரு பதிவு இருக்கும் சார். சில வருஷம் போனா அதுவும் மங்கிடும். நீங்க ஏமாத்தவும் இல்ல, திருப்பிக் கட்டவும் இல்ல. நாங்க எதைப் பிடிச்சிக்கிறது, சொல்லுங்க?"

சொல்லி, ஓர் அறிக்கையை அச்சடித்துக் கொடுத்தார். அதில் 'வாடிக்கையாளர் மேம்பாட்டுக்கான கருத்துரை' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: 'தங்கள் கோப்பு மெலிந்துள்ளது.'

வீட்டில் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கணவருடைய சட்டைப் பித்தான்களைப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் மூன்றாவது பித்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

"கோப்பாவது மெலிஞ்சிருக்கே, சந்தோஷப்படுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அவளுடைய தம்பியை வரவழைத்தார்கள். மைத்துனனிடம் ஐந்து கடன் அட்டைகள், தவணையில் ஒரு பைக், பைக் தவணையைக் கட்டுவதற்கு ஒரு தனிக் கடன், அந்தக் கடனை மறப்பதற்கு ஒரு சுற்றுலாக் கடன் ஆகியவை இருந்தன. குடும்ப விசேஷங்களில் அவன் உள்ளே வந்தால் ஆண்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவனுடைய மதிப்பெண் எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"மாமா, இத்தனை நாள் என்னைக் கடன்காரன்னீங்க" என்றான் அவன், சோபாவில் சாய்ந்து. "நான் 'செழிப்பான கோப்பு', மாமா. நீங்கதான் நோஞ்சான்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"வேண்டாததை வாங்குங்க. தேவையானதை வாங்கினா வங்கிக்குப் பதற்றமா இருக்கும்."

வங்கியும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னது. சூளைக்குக் கடன் கிடையாது. ஆனால் 'நம்பிக்கை மலர்' என்றொரு அறிமுகத் திட்டம் இருந்தது. அதில் டிரெட்மில்லுக்குக் கொடுப்பார்கள், முதுகு பிடித்துவிடும் நாற்காலிக்கும் கொடுப்பார்கள். கூடவே இருபதாயிரம் வரம்புள்ள கடன் அட்டை. பல்செட்டுக்காரர் இரண்டையும் எடுத்துக்கொண்டு பதினேழு இடங்களில் கையெழுத்துப் போட்டார். வட்டி எவ்வளவு என்பது பதினெட்டாவது பக்கத்தில் இருந்தது.

பற்களை யார் சுடுவது? இரண்டு தெரு தள்ளி இன்னொரு பல்செட்டுக்காரர் இருந்தார். தொழிலில் போட்டிக்காரர், பத்து வருஷமாக இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறவர்கள். இவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஒண்ணுலேர்ந்து ரெண்டரை வரைக்கும் நான் சாப்பிட்டுப் படுத்துடுவேன். சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கும், எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை. நிதித்துறை அறிவு சுத்தமாக இல்லாத மனிதர்.

இப்படியாகத் தினமும் மதியம் பல்செட்டுக்காரர் ஒரு தட்டு நிறையப் பற்களை ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மாதக் கடைசியில் முதல் மதிப்பெண் வந்தது: அறுநூற்றுப் பதினொன்று. கருத்துரை: 'அட்டை வரம்பில் தொண்ணூற்றாறு சதவீதம் பயன்படுத்தியுள்ளீர்கள். பசி தெரிகிறது.'

அடுத்த மாதம் அட்டையைத் தொடவே இல்லை. கருத்துரை: 'பயன்பாடு இல்லை. ஆர்வம் தெரியவில்லை.'

"முப்பது சதவீதம், மாமா" என்றான் மைத்துனன். "ஆசை இருக்கணும், அலையக் கூடாது."

அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது மனைவி கையில் கால்குலேட்டர். கல்லாவில் பொருள்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக அவள் கூட்டிக்கொண்டே வருவாள். திடீரென்று கையைத் தூக்குவாள்.

"நிறுத்துங்க! முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. பற்பசையை எடுத்துடுங்க."

"நான் பல் தொழில் பண்றவன்டி!"

"நம்ம நாணயம் முக்கியமா, பல் முக்கியமா?"

பின்னால் வரிசையில் நின்றவர் இருவரையும் மரியாதையோடு பார்த்தார்.

ஐந்தாவது மாதம் ஒரு பெரிய மருத்துவமனை ஒரே தவணையில் நாற்பது பற்களுக்குப் பணம் கொடுத்தது. பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக வங்கிக்குப் போய் டிரெட்மில் கடன் முழுவதையும் ஒரே நாளில் அடைத்தார். வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக அந்த டிரெட்மில்லில் ஏறிப் பத்து நிமிஷம் நடந்தார். அதுவரை அதில் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது.

மதிப்பெண் நாற்பது குறைந்தது. அவர் அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"கட்டினதுக்குக் குறைப்பாங்களாம்மா?"

"ஓடிட்டிருந்த ஒரு நல்ல உறவை நீங்க பாதியில முறிச்சிட்டீங்க சார்."

"டிரெட்மில்லோட உறவா?"

"எங்களோட சார்." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அது மட்டுமில்ல. வேற ரெண்டு வங்கியில உங்களைப் பத்தி விசாரிச்சிருக்காங்க. அதுக்கும் குறையும்."

"நான் விசாரிக்கலையே. அவங்கதானே விசாரிச்சாங்க?"

"ஒருத்தரைப் பத்தி நாலு பேர் விசாரிச்சா என்ன அர்த்தம் சார்? நீங்களே யோசிங்க."

பல்செட்டுக்காரர் யோசித்தார். அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டே பல் செதுக்கியதில், ஓர் அம்மையாருக்கு முன்பல் இரண்டும் வலதுபுறமாகவே அமைந்துவிட்டன. அந்த அம்மாள் சிரிக்கும்போது யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்டதுபோல் இருந்தது. பல்லைத் திருப்பி வாங்கி, கைக்காசைப் போட்டு மறுபடி செய்துகொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பல் திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கால்குலேட்டரை அலமாரிக்குள் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, போதும் விட்டுடலாமா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்றார் அவர்.

மைத்துனன் யோசனைப்படி டிரெட்மில் கடன் போன துக்கம் தீர ஒரு பெரிய டி.வி. தவணையில் வந்தது. அதன் பின்னால் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வந்தது. வீட்டில் நடக்க இடமில்லாமல் போனது. நடக்க வேண்டுமானால் டிரெட்மில்லில்தான் நடக்க வேண்டும். நாலு மாதம் ஒரு நாள் பிசகாமல் தவணை கட்டினார்கள்.

கடைசியில் அந்தக் காலை விடிந்தது. எழுநூற்று எழுபத்து நாலு! கருத்துரை: 'தங்கள் கோப்பு செழித்துள்ளது. வாழ்த்துகள்.' மைத்துனன் மாமாவைக் கட்டிக்கொண்டான். "இப்பதான் நீங்க நம்ம குடும்பத்து ஆள்" என்று கண் கலங்கினான். மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மூன்றாவது பித்தான் இப்போது தளர்வாகவே இருந்தது.

அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். "பிரமாதம் சார்! உங்களுக்கு வீட்டுக் கடன், கார் கடன், வெளிநாட்டுப் பயணக் கடன், எது வேணும்?"

"சூளைம்மா. பல் சுடுற சூளை."

அதிகாரி உட்கார்ந்தார். "அது தொழில் கடன் ஆச்சே சார். உங்க மதிப்பெண் பிரமாதம். ஆனா உங்க கடைக்கு மதிப்பெண் இல்லையே."

"கடையும் நானும் ஒரே ஆள்தானேம்மா? அங்க இருக்கிறது நானும் ஒரு மேஜையும்தான்."

"மேஜை பேர்ல ஏதாவது கடன் இருக்கா சார்?"

 பல்செட்டுக்காரர் அறிக்கையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வாரக் கடைசியில் டி.வி., நாற்காலி, சுத்திகரிப்பான், டிரெட்மில் நாலும் பாதி விலைக்குப் போயின. வாங்கியவன் மைத்துனன், அவனுக்கு ஒரு கடன் உடனே கிடைத்தது. போட்டிக்காரர் பெரிய சூளை வாங்கப்போவதாகச் சொல்லி, பழையதை ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொடுத்தார். "இருக்கிறதைக் குடு, மீதியை இந்த வருஷத்துக்குள்ள பாத்துக்கலாம்" என்றார். விற்ற பணத்தை வங்கியில் கட்டி, குறைந்ததுக்குச் சேமிப்பிலிருந்து போட்டு, அட்டையை நடுவே வெட்டி, எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் முடித்தார் பல்செட்டுக்காரர். அன்று மதியம், எங்கேயும் தட்டை ஏந்திப் போகாமல், தன் மாடியிலேயே பதினாறு பற்களைச் சுட்டு எடுத்தார். எல்லாம் அதனதன் பக்கத்தில் சரியாக இருந்தன.

மறுநாள் காலை அதிகாரி பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க! எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களே. மதிப்பெண் சரிஞ்சிடும் சார்!"

"சரியட்டும்மா. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர்கிட்டயும் கைநீட்டாம இருந்தேன். என்னை நம்ப முடியலன்னீங்க. அப்புறம் கெடு தவறாமக் கட்டினேன். அப்பவும் நம்பிக்கை வரல. போதும்."

மறுமுனையில் அந்த நல்ல பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க சார்! நீங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உள்ள வந்த அன்னைக்கே தெரியும், பட்டினி கிடந்தாவது கட்டிடுவீங்கன்னு. உங்க நாணயத்துல எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததே இல்ல. அதை நம்பித்தானே சார் உங்களுக்கு மட்டும் முப்பத்தாறு சதவீதம் போட்டோம்!"