முனியாண்டியை இடப்பக்கம் சுற்றிய விமானம்

சுங்கை பீரு தேயிலை எஸ்டேட்,
கம்போங் ராஜா அஞ்சல், கேமரன் மலை.
ஆகஸ்ட் 1979

மரியாதைக்குரிய அத்தான் முருகையா அவர்களுக்கு,

மைத்துனன் தனராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். ஈப்போ வெயிலில் நீங்களும் அக்காளும் சுகமாக இருக்க முனியாண்டி துணை நிற்பாராக. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உங்கள் கடிதம் கிடைத்தது. “வானத்தில் முட்டப் பார்த்தவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா? விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டு என் மகனை ஈப்போவுக்கு வரச் சொல். இல்லையென்றால் தையில் கல்யாணம் கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் வீட்டுக்காரி தனலெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பெண் தாமரை, பெற்ற தகப்பனான என்னோடு பேசுவதில்லை. நடந்தது முழுவதையும் கேட்டால் உங்கள் கோபம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் விமானக் களம் புல் வெட்டிய ஒரு நீளத் துண்டு நிலம், அவ்வளவுதான். இறங்கு, பொறு என்று சொல்லக் கோபுரமும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் மாடுகளை விரட்டுவேன், காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் ஏற்றுவேன். விமானங்கள் இரண்டே. ஒன்றில் கிரகரி தேயிலைக்கு உரம் தூவுகிறான். மற்றதில் உங்கள் மகன் செல்வராஜு கியா பார்ம் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோகிறான். மலை ரோட்டில் லோரிக்காரன் எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பான் அல்லவா, அதுபோல இவர்களும் எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். இறங்கும்முன் எல்லாரும் ஒரே உயரத்தில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிக் களத்தைச் சுற்ற வேண்டும். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இப்படிச் சுற்றியவரை ஒரு குறையும் வந்ததில்லை.

களத்து ஓரத்தில், விமானம் சுற்றும் பக்கமாகவே, முனியாண்டி கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும், போன திருவிழாவில் நீங்களே கிடா வெட்டினீர்கள். கோயில் பொறுப்பில் இருக்கும் வீரப்பன் கங்காணி ஒரு நாள் அண்ணாந்து பார்த்துத் தொலைத்தார். நேராகச் செல்வராஜுவிடம் வந்தார்.

“ஏன் தம்பி, சாமிய இடப்பக்கமா சுத்துறியே! எழவுலதான் அப்புடிச் சுத்துவாங்க. தையில தாலி கட்டப்போற புள்ள செய்யிற காரியமாலா இது?”

“ரூலு அப்புடிங்க கங்காணி.”

“ரூலு போட்டவனுக்கு முனியாண்டியத் தெரியுமா?”

இதைக் கேட்டுத் தனலெட்சுமி கண்ணைக் கசக்கினாள். பையன் பாவம், எதற்கும் தலையாட்டும் குணம். அது அக்காளிடமிருந்து வந்தது, உங்களிடமிருந்து அல்ல.

வெள்ளிக்கிழமை அவன் வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான். சாமிக்கு ஒரு சுற்று போதாதே, மூன்று வேண்டுமே! ரேடியோவில் சொல்லத்தான் சொன்னான். ஆனால் கிரகரியின் ரேடியோ அன்று கரகரத்ததே தவிரப் பேசவில்லை. அவன் வழக்கப்படி இடப்பக்கமாக வந்தான். மூன்றாவது சுற்றில் இரண்டும் மூக்குக்கு மூக்கு. நான் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முனியாண்டியைக் கூப்பிட்டேன், மாடு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நல்லவேளை, இருவரும் அவரவர் வலப்பக்கம் சட்டென்று ஒடித்து விலகினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கல்யாண வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மணியம்மா குலவையே போட்டாள்.

இறங்கியதும் கிரகரி பாய்ந்து வந்தான். “ஒருவழி ரோட்டுல எதுத்தாப்புல வரியே மச்சான், ஒனக்குப் பைத்தியமாலா?”

“நான் எங்க ஓட்டுனேன், கங்காணியில்ல ஓட்டுனாரு!”

விஷயத்தைக் கேட்ட கிரகரி புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு வீரப்பனைக் கூப்பிட்டான்.

“கங்காணி, இனிமே களத்தோட மறுமுனையிலேருந்து எறங்குறோம். அப்பவும் இடப்பக்கந்தான் திரும்புவோம், ஆனா சுத்து மறுபக்கம் தேயிலைக்கு மேல போயிரும். முனியாண்டி சுத்துக்கு வெளியே நிப்பாரு. சுத்தாத சாமிய எப்புடித் தப்பா சுத்த முடியும்?”

வீரப்பன் நம்பவில்லை. இரு கைகளையும் விரித்துக்கொண்டு களத்தை அவரே ஓடிப் பார்த்தார். பின்னால் கிரகரி, அவன் பின்னால் செல்வராஜு, அவன் பின்னால் நான், எல்லாரும் கையை விரித்தபடி. கடைசியில் மூச்சு வாங்க நின்று, “காவல் தெய்வந்தானே, வெளியே நின்னு பாத்துக்கட்டும்” என்றார். எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத முடியாது. அன்று முதல் இருவரும் அப்படியே இறங்குகிறார்கள். காற்று ஒத்துவராவிட்டால் காத்திருக்கிறார்கள்.

ஆகவே அத்தான், அவனை உங்கள் மளிகைக் கடையில் உட்கார வைக்காதீர்கள். பருப்பு நிறுக்கும்போதும் அவன் கண் வானத்தில்தான் இருக்கும். இனி ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை, இதற்கு நான் பொறுப்பு. பெரிய மனது பண்ணி அக்காளோடு வந்து கல்யாணத்தை நடத்திக் கொடுங்கள். உங்கள் வீட்டு விளக்கும் எங்கள் வீட்டு விளக்கும் ஒன்றாய் எரியட்டும்.

அன்பும் வணக்கமும் மறவாத,
தனராஜ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு நல்ல செய்தி. இப்போது விமானம் சுற்றும் தேயிலைப் பக்கம் சாமியே இல்லாமல் வெறிச்சென்று கிடக்கிறதே, விமானங்களுக்குத் துணை வேண்டாமா என்று கோயில் கமிட்டி கூடி, அங்கே பிள்ளையார் கோயில் கட்ட முடிவு செய்துவிட்டது. இன்று காலை அடிக்கல் நாட்டியாயிற்று. சிமெண்டு கிரகரியின் உபயம். முதல் கல்லை எடுத்து வைத்தது உங்கள் மகன். வீரப்பன் இப்போதே அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.